இரண்டு பெட்டிகளுக்கு நடுவே

புத்வா, 12 ஜூன் 1986

தோழர் ராதோஷ் ஸ்தமென்கோவிச் அவர்களுக்கு,

முகவரி தவறவில்லை. உங்கள் மகள் நேதாவுக்கு ஞானஸ்நானம் நடந்தபோது குழந்தையைக் கையில் ஏந்தி நின்றவன்தான் எழுதுகிறேன். அன்று முதல் இருபத்து மூன்று வருஷமாக உங்களைக் 'கூமே' என்றுதான் கூப்பிட்டு வருகிறேன். நம் ஊரில் கூம் என்றால் கூடப்பிறந்தவனுக்கும் ஒரு படி மேல். இந்தக் கடிதத்தில் அந்த வார்த்தை வராது.

ஏப்ரலில் என் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளில் ஒன்றை உங்கள் கடையில் கொடுத்தேன். ஒரு கல்யாணத்தில் எவனோ காலால் இடித்து ஸ்பீக்கரின் காகிதம் கிழிந்திருந்தது. நீங்கள் புதுக் காகிதம் ஒட்டித் தந்தீர்கள். ஒட்டிய லட்சணம் இங்கே கடற்கரை ஹோட்டலின் ஆட்ட மேடையில் தெரிகிறது. டிரம்ஸுக்கு இந்தப் பக்கம் ஒரு பெட்டி, அந்தப் பக்கம் ஒரு பெட்டி. பின்னால் நீங்கள் கட்டித் தந்த வால்வு ஆம்ப்ளிஃபயர். நான் பேஸ் கிடாரை வாசிக்கிறேன், என் பக்கத்துப் பெட்டி உறுமுவது என் காதில் விழுகிறது. எதிரே ஆடுகிறவர்களுக்கோ ஒன்றுமே கேட்கவில்லையாம்!

மூன்றாம் நாள் பாண்டு தலைவன் கிர்ஸ்தோ பாட்டை நிறுத்திவிட்டு மைக்கிலேயே கேட்டான்: "மிலுடின் அண்ணே, வாசிக்கிறீங்களா, இல்ல கிடாரைச் சும்மா கழுத்துல தொங்கப் போட்டிருக்கீங்களா?" மேடைக்குக் கீழே அத்தனை பேரும் சிரித்தார்கள். டிரம்ஸ் அடிக்கும் ஷ்பீரோ எனக்காகப் பரிந்து பேசுகிறானாம்: "விடு கிர்ஸ்தோ, மணிக்கட்டு ஒடிஞ்ச மனுஷன். தந்தியை அழுத்த வலு இல்ல, பாவம்." அந்தப் 'பாவம்' இருக்கிறதே, அதற்கு அவன் குச்சியாலேயே என்னை அடித்திருக்கலாம்.

ஜனவரியில் பனியில் வழுக்கி இடது மணிக்கட்டு ஒடிந்ததும் கட்டுப் பிரித்ததும் உங்களுக்குத் தெரியும். கை சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜூன் கடைசிவரைதான் எனக்குக் கெடு. என் இடத்துக்கு வர நிக்ஷிச் ஊரில் ஒருவன் மூட்டை கட்டித் தயாராக உட்கார்ந்திருக்கிறான். கை போய்விட்டது என்று பெயர் வாங்கிக்கொண்டு இறங்கினால், நாற்பத்தெட்டு வயதில் என்னை எவனும் மேடை ஏற்றமாட்டான்.

என்ன வேலை செய்து வைத்தீர்கள் என்று எழுதுங்கள்.

மிலுடின் பவுனோவிச்
பேஸ் கிடார்க்காரன், இதுவரை


லெஸ்கோவாட்ஸ், 18 ஜூன் 1986

தோழர் பவுனோவிச் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. இரண்டாம் முறை அது அதிகமானது.

என் கடையை விட்டு எந்தப் பெட்டியும் ஒரு மணி நேரம் உறுமாமல் வெளியே போனதில்லை. உங்கள் பெட்டியும் உறுமியது. பக்கத்து ரொட்டிக் கடைக்காரர் மாவுக் கையோடு ஓடிவந்து "என் கடைக் கண்ணாடி உடையப் போவுதுய்யா" என்று கத்தினார். வேண்டுமானால் அவருக்கு எழுதிக் கேளுங்கள். நீங்கள் எடுத்துப்போக வந்த அன்று வண்டியில் இருந்த மற்றப் பெட்டியையும் இறக்கி ஆம்பில் போட்டுப் பார்த்தேன். அதுவும் சரி. சரியான பெட்டி ஒன்று, சரியான பெட்டி இன்னொன்று. இரண்டையும் சேர்த்ததும் தப்பாகிவிடுமா?

குறை கேட்டீர்கள், சொல்கிறேன். ஒரே பெட்டி போதும், நான்கு சின்ன ஸ்பீக்கர் வைத்துத் தருகிறேன், தூக்கவும் லேசு என்று அன்றைக்கே சொன்னேன். உங்களுக்குப் பெரிதாக இரண்டு வேண்டும், மேடையில் இரண்டு பக்கமும் சிங்கம்போல நிற்க வேண்டும். சரி, செய்து தந்தேன். பெட்டிக்குத் தடித்த கம்பி போடு, கிடாருக்குப் போடும் நூல் கம்பியைப் போடாதே என்று பதினோரு வருஷமாகத் தொண்டை கிழியச் சொல்கிறேன். இன்றைக்கும் நூல் கம்பிதானே? சத்தியமாகச் சொல், அதுதானே?

பார், கோபத்தில் மரியாதை போய்விட்டது. போகட்டும். மார்ச்சில் நேதாவின் நிச்சயத்துக்கு நீ வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் மேசையின் தலைப்பக்கம் கூமுக்கென்று போட்ட காலி நாற்காலியைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டார்கள். என் மனைவி ஸ்தானா அந்த இடத்துத் தட்டை எடுக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் தவித்தாள். ஒரு தந்திகூட இல்லை. அப்படிப்பட்டவன் என் கைவேலையில் குறை சொல்கிறாய்!

என் பெயர் கெடக் கூடாது என்று உன் கிர்ஸ்தோவுக்கும் ஒரு கடிதம் போட்டுவிட்டேன். ஆம்பும் பெட்டிகளும் பழுதில்லை, பழுது வேறு இடத்தில் இருக்கலாம் என்று எழுதியிருக்கிறேன். எந்த இடம் என்று எழுதவில்லை.

ராதோஷ்


புத்வா, 27 ஜூன் 1986

ராதோஷ்,

எந்த இடம் என்று நீ எழுதத் தேவைப்படவில்லை. உன் கடிதத்தைக் கிர்ஸ்தோ மத்தியானச் சாப்பாட்டில் மீன் சூப்பை ஆறவைத்துவிட்டு எல்லாருக்கும் வாசித்துக் காட்டினான். 'வேறு இடத்தில்' என்று வந்ததும் ஆறு பேரும் என் இடது கையைப் பார்த்தார்கள். அந்தக் கையில் நான் ரொட்டி வைத்திருந்தேன். அதைக் கீழே வைப்பதா, வாயில் போடுவதா என்று தெரியவில்லை.

"மனசுல வெச்சுக்காதீங்கண்ணே," என்றான் கிர்ஸ்தோ. "ஆளும் சாமானும் சேர்த்துத்தான் ஒப்பந்தம். ஆள் போகலாம். சாமான் ஆகஸ்ட் கடைசிவரைக்கும் மேடையிலதான் இருக்கணும். நிக்ஷிச்காரனுக்குச் சொந்தமா ஆம்ப் இல்ல."

ஆக என் ஆம்பில், என் பெட்டிகளில், இன்னொருவன் வாசிப்பான். எதிரிகூட இவ்வளவு யோசித்துச் செய்யமாட்டான். நீ செய்தாய்.

உன் பெட்டிகளின் அழகையும் கேட்டுக்கொள். கடைசி நாள் நான் வெறுப்பில் வாசித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று மேடையே அதிர்ந்தது. ஷ்பீரோ குச்சியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தான். "இப்படி வாசிச்சிருந்தா உங்களை யாரு போகச் சொல்லப் போறா?" என்றான் கிர்ஸ்தோ. என்ன நடந்தது என்று பார்த்தால், அந்தப் பக்கத்துப் பெட்டியின் கம்பி கழன்று கிடந்தது. நானே போய் அதை ஒழுங்காகச் செருகினேன். எல்லாம் பழையபடி செத்துப்போனது. இரண்டு பெட்டிக்கு ஒரு பெட்டி மேல் என்றால் கட்டியவன் எப்பேர்ப்பட்ட மேதை!

செப்டம்பரில் நேதாவின் கல்யாணத்தில் சாட்சி நிற்க வேறு கூம் பார்த்துக்கொள். நான் ஊருக்கு வருவதாக இல்லை.

மிலுடின்


லெஸ்கோவாட்ஸ், 3 ஜூலை 1986

மிலுடின்,

கூம் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் நான் சொல்வதைச் செய். ஏன் என்று கேட்காதே, கிண்டல் செய்யாதே.

காலையில் மேடை காலியாக இருக்கும்போது போ. டார்ச் லைட்டில் போடும் பேட்டரி ஒன்று எடுத்துக்கொள். இரண்டு பெட்டிகளின் முன்துணியையும் கழற்று. ஆம்பின் மின்சாரத்தை அணைத்துவிட்டு, பெட்டிக்குப் போகும் கம்பியை ஆம்பிலிருந்து உருவு. அந்தக் கம்பியின் பிளக் நுனியில் பேட்டரியின் தலையும், பிளக்கின் உடம்பில் பேட்டரியின் அடியும் படும்படி ஒரு நொடி தொடு. அடிக்கு ஒரு துண்டுக் கம்பி வேண்டியிருக்கும். ஸ்பீக்கரின் காகிதம் 'டப்' என்று அசையும். முன்னால் வருகிறதா, பின்னால் போகிறதா என்று பார். மற்றப் பெட்டிக்கும் அப்படியே செய்.

பேட்டரியைத் திருப்பிப் பிடித்துவிடாதே. எனக்கு உன்னைத் தெரியும்.

ராதோஷ்


புத்வா, 10 ஜூலை 1986

ராதோஷ்,

செய்தேன், போதுமா? உனக்காக இல்லை. என் சாமானுக்காக.

என் பக்கத்துப் பழைய பெட்டியின் காகிதம் முன்னால் துள்ளியது. நீ காகிதம் ஒட்டிய பெட்டியின் காகிதம் உள்ளே போனது. மூன்று முறை பார்த்தேன், பேட்டரியைத் திருப்பிப் பிடிக்கவில்லை. இதற்கு என்ன அர்த்தம்?

எங்கே இருக்கிறேன் என்று நீ கேட்கவில்லை, சொல்கிறேன். மேடைக்குக் கீழே கடலோரத்தில் ஒரு கரி அடுப்புக் கடை. லெஸ்கோவாட்ஸ்காரன் என்று தெரிந்ததுமே கடைக்காரர் "அப்ப உங்களுக்குக் கத்துக்குடுக்க ஒண்ணுமில்ல" என்று கையில் இடுக்கியைக் கொடுத்துவிட்டார். ஊரில் பாதிப்பேர் அடுப்படியில் பிறந்தவர்கள் என்று இவர்கள் நினைப்பு. தினமும் சாயங்காலம் இறைச்சி வடைகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டே மேலே நடக்கும் ஆட்டத்தைக் கேட்கிறேன். டிரம்ஸ் கேட்கிறது, அக்கார்டியன் கேட்கிறது. பேஸ் கேட்கவில்லை.

மிலுடின்


லெஸ்கோவாட்ஸ், 16 ஜூலை 1986

மிலுடின்,

அர்த்தம் இதுதான். ஒரு பெட்டி காற்றை முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கிறது. ஒரே கதவை இரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்று தள்ளினால் கதவு அசையாது, அப்படி. பெட்டியோடு ஒட்டி நிற்கிறவனுக்குக் கேட்கும். நடுவில் நிற்கிறவனுக்குப் பேஸே இருக்காது. தனித்தனியாகப் போட்டால் இரண்டும் நன்றாகப் பாடும். நான் தனித்தனியாகத்தான் போட்டுப் பார்த்தேன்.

ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு கம்பியும் இடம் மாறியிருக்கிறது. நான்தான் மாற்றினேன். சிவப்புக் கம்பி தீர்ந்துவிட்டது, இரண்டுக்கும் கறுப்பே போட்டேன். அப்படிப் போட்டால் ஒன்றில் ஒரு முடிச்சுப் போட்டுவைப்பது என் வழக்கம். முடிச்சுப் போடப்போன நேரத்தில்தான் நீ கடைக்குள் வந்தாய். நிச்சயத்துக்கு வராததற்கு ஒரு வார்த்தை சொல்வாய் என்று நிமிர்ந்து பார்த்தேன். "பெட்டி ஆச்சா?" என்றாய். அதற்குப் பிறகு நான் முடிச்சைப் பார்க்கவில்லை, உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டே கை போன போக்கில் செருகிவிட்டேன்.

முப்பது வருஷத்தில் இப்படி ஒன்று என் கையால் நடந்ததில்லை. இதை எழுத மூன்று நாள் ஆனது. உன் கையில் பழுதில்லை. பழுது என் கையில்தான்.

பின்பலகையில் நான்கு திருகு. உள்ளே இரண்டு கறுப்புக் கம்பி. உருவி, இடம் மாற்றிச் செருகு. ஒரு நிமிட வேலை.

கிர்ஸ்தோவுக்கு உண்மையை எழுதிவிடுகிறேன்.

ராதோஷ்


புத்வா, 24 ஜூலை 1986

ராதோஷ்,

எழுதாதே. நீ எழுதிய கடிதங்கள் எனக்குப் போதும்.

உன் ஒப்புதலை அடுப்புக்குப் பக்கத்தில் நின்று படித்தேன். முதலில் இடது கையை முத்தமிட்டேன். கரி நாற்றம் அடித்தது, ஆனாலும் முத்தமிட்டேன். பிறகு உன்னை நினைத்தேன். நீ எதிரில் இருந்திருந்தால் அந்த இடுக்கியாலேயே உன் மூக்கைப் பிடித்திருப்பேன். ஏழு வாரம்! மேடையில் இருந்தவரை விரல் நுனி கொப்பளித்து உடையும்வரை அழுத்தி அழுத்தி வாசித்தேன். படுத்தால் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே கிடந்தேன். ஒரு முடிச்சுக்காகவா?

நிச்சயத்துக்கு ஏன் வரவில்லை என்று இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். கட்டுப் பிரித்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. சாப்பாடு முடிந்ததும் யாராவது ஒரு கிடாரை என் மடியில் வைத்து "ஒண்ணு வாசிங்க" என்பார்கள், வைக்காமல் விடமாட்டார்கள். அப்போது என் விரல்கள் மடங்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அது தெரிந்துபோகும் என்று பயந்து வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். உன்னிடம் சொல்ல வெட்கம்.

இப்போது சங்கதிக்கு வா. நிக்ஷிச்காரன் பெயர் ஒப்ராத். என்னைவிட மூத்தவன், ஐம்பதைத் தாண்டியவன். அவனுக்கும் இதே கதிதான். நேற்று கிர்ஸ்தோவே இறங்கி என் அடுப்புக்கு வந்தான். "அண்ணே, அவரு உங்களைவிட மோசம். ரொம்ப வயசாயிடுச்சு போல. ஆகஸ்ட் பதினஞ்சுக்கு அனுப்பிடலாம்னு இருக்கேன். நீங்களே வந்துடறீங்களா? உங்க கைக்கும் ஓய்வு கிடைச்சிருக்கும்" என்றான்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஒப்ராத் போகட்டும். அவன் போனதும் நான் கம்பியை மாற்றுவேன். முதல் பாட்டிலேயே கிர்ஸ்தோவின் வயிறு அதிரும். கை திரும்பி வந்துவிட்டது என்று எல்லாரும் தோளில் தட்டுவார்கள். நீ வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். எனக்கு நீ பட்டிருக்கும் கடனுக்கு இது ஒன்றும் பெரிதில்லை.

மிலுடின்


லெஸ்கோவாட்ஸ், 31 ஜூலை 1986

மிலுடின்,

உன் இடுக்கியை அப்புறம் கொண்டுவா, மூக்கைக் காட்டுகிறேன். இதில் மட்டும் உன்னோடு சேரமாட்டேன்.

நான் செய்தது தெரியாமல் செய்தது. நீ செய்வது தெரிந்து செய்வது. ஐம்பது வயதுக்கு மேல் ஒரு மனிதன் இந்நேரம் எங்கேயோ உட்கார்ந்து தன் விரல்களை நீட்டி மடக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அதைப் பார்க்கும்போது எப்படி இருக்கும் என்று உலகத்தில் உனக்குத்தான் தெரியும். தெரிந்துகொண்டு வடை திருப்புகிறாயா? அந்தப் பெட்டி என் கைவேலை. அது இரண்டாவது ஆளையும் தின்னவிடமாட்டேன். ஆகஸ்ட் பதினான்காம் தேதிக்குள் நீ கம்பியை மாற்றாவிட்டால் கிர்ஸ்தோவுக்கு என் தந்தி போகும்.

நிச்சயம் பற்றி எழுதியிருந்தாய். முட்டாளே, என்னிடம் சொல்லியிருந்தால் வீட்டில் இருக்கிற கிடாரையெல்லாம் தூக்கிக் கோழிக்கூண்டில் போட்டுப் பூட்டியிருப்பேனே! விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தானாம். இதற்காகவே உன்மேல் எனக்குக் கோபம் கூடியிருக்கிறது.

இன்னொன்று. வேறு கூம் பார்க்கிறேன் என்று வீட்டில் சொன்னேன். நேதா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "கூம் வரலேன்னா கல்யாணம் வேணாம்ப்பா. நீங்க ரெண்டு பேரும் கட்டிக்கிட்டு அழுங்க" என்றாள். எட்டு நாளாக என்னோடு பேசவில்லை. இதை உன்னைக் கூப்பிடுவதற்காக எழுதவில்லை. தகவலுக்காக எழுதுகிறேன்.

ராதோஷ்


புத்வா, 9 ஆகஸ்ட் 1986

ராதோஷ்,

தந்தியை அனுப்பாதே. உன் மிரட்டலுக்குப் பயந்து ஒன்றும் செய்யவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நேற்று முன்தினம் மத்தியானம் ஒப்ராத் தனியாகக் கடைக்கு வந்தான். நான் யார் என்று அவனுக்குத் தெரியாது. அரை ரொட்டியில் வெங்காயம் நிறையப் போட்டுக் கேட்டான், பிறகு அதைத் தொடவே இல்லை. இடது கையை மேசைமேல் வைத்து ஒவ்வொரு விரலாகப் பிடித்துப் பார்த்தான். நுனியெல்லாம் கொப்பளம். என்ன ஆச்சு என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"முப்பத்தஞ்சு வருஷமா வாசிச்ச கைங்க," என்றான். "எப்படிப் போச்சுன்னே தெரியல. வலியில்ல, ஒண்ணுமில்ல, சத்தம் மட்டும் வரமாட்டேங்குது. வீட்டுக்குப் போன் பண்ணா நல்லா வாசிக்கிறேன்னு சொல்றேன்."

அடுப்பில் இருந்த வடைகள் கரிந்தன. கடைக்காரர் கத்தினார். நான் இடுக்கியைப் போட்டுவிட்டுத் திருப்புளியை எடுத்துக்கொண்டு மேலே போனேன். ஒப்ராத் ஒன்றும் புரியாமல் பின்னாலேயே வந்தான்.

மேடையில் எல்லாரும் ஒத்திகைக்கு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே நான்கு திருகையும் கழற்றினேன். கம்பி இரண்டையும் மாற்றிச் செருகினேன். உன் ஒரு நிமிட வேலைக்கு ஆறு நிமிடம் ஆனது. "வாசிங்க" என்று ஒப்ராத்திடம் சொல்லிவிட்டுக் கீழே இறங்கி நடுவில் போய் நின்றேன்.

ராதோஷ், மேசையில் அடுக்கி வைத்திருந்த கண்ணாடிக் குவளைகள் கிணுகிணுவென்று நகர்ந்தன. அவன் நன்றாக வாசிக்கிறான். என்னைவிட நன்றாகவா என்று கேட்காதே. வாசித்துக்கொண்டே அழுதான். கிர்ஸ்தோ ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டான். பழுது கையில் இல்லை, கம்பியில் என்று எல்லாருக்கும் சொன்னேன். யார் செருகிய கம்பி என்று சொல்லவில்லை. பிறகு கிர்ஸ்தோ என்னிடம் வந்து தரையைப் பார்த்தான்: "அப்ப உங்க கையும் சரியாத்தான் இருந்திருக்கு. ஆனா அண்ணே, இவரை இப்ப எப்படி அனுப்புறது..." ஷ்பீரோ இந்த முறை 'பாவம்' சொல்லவில்லை. எழுந்து நின்றான், அவ்வளவுதான்.

ஆக மேடை போனது. இரண்டு முறை போனது, இரண்டாவது முறை நானே கொடுத்தேன். இதற்கு உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. மன்னிக்கவில்லை. இன்னும் கொதிக்கிறது.

செப்டம்பர் பதினான்காம் தேதி வருகிறேன், நேதாவுக்காக. மேசையின் தலைப்பக்கம் என் நாற்காலியைப் போட்டுவைக்கச் சொல். பெட்டிகளும் ஆம்பும் என்னோடு வரும். கல்யாணத்தில் கூம் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், வாத்தியத்தைத் தொடக் கூடாது என்பது எனக்கும் தெரியும். தொடுவேன். ஒரே ஒரு வட்ட ஆட்டத்துக்கு நான்தான் பேஸ் வாசிப்பேன். ஒரு பெட்டியை வலப்பக்கம் வைப்பேன், நீ ஒட்டியதை இடப்பக்கம் வைப்பேன். நீ ஆடக் கூடாது. இரண்டுக்கும் நடுவில், என் முகத்துக்கு நேரே வந்து நிற்க வேண்டும். பாட்டு முடிந்ததும் கேட்டதா இல்லையா என்று அத்தனை பேர் முன்னால் உன் வாயால் சொல்ல வேண்டும்.

அதுவரை உன்னோடு பேச்சில்லை.

உன் கூம்
மிலுடின்

தடித்த கம்பி வாங்கிவிட்டேன்.